ஓடாத தண்ணீரில் விட்ட மாலை

உதகமண்டலத்துக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் அந்த ஊர்க் குளிரைத்தான் புகழ்கிறார்கள். அந்தக் குளிரில் மூன்று நாளானாலும் இட்லி மாவு பொங்காது என்பதை ஒருவராவது சொல்லியிருக்கிறார்களா? தேங்காயெண்ணெயை அடுப்பில் காட்டித்தான் தலையில் தடவ வேண்டும் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? ஏரியைப் பார்த்தோம், படகில் போனோம், குதிரை ஏறினோம் என்று நாலு வரி எழுதிவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். நானும் அங்கே நான்கு நாள் இருந்தவள்தான். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை வசந்தாவுக்கு அந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாண மாலைகளைத் தூக்கி எறிய மாட்டோம். ஆடிப் பதினெட்டு வரை பெண் வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து தங்கள் கையால் காவேரியில் விட வேண்டும். புது வெள்ளம் மாலையை வாங்கிக்கொண்டு போய்விட்டால் குடித்தனம் தடையில்லாமல் நடக்கும் என்று நம்பிக்கை. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் இதையெல்லாம் பார்த்துச் செய்ய வேண்டியவள் நான்தான்.

ஆடி பிறந்ததும் இருவரையும் ஸ்ரீரங்கத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டேன். வசந்தாவின் கணவர் சுந்தரம் உதகமண்டலம் ஏரியில் படகு விடும் குத்தகைக்காரரிடம் டிக்கெட் கிளார்க்காக இருந்தார். 'லீவு கேட்டேன், கிடைக்கவில்லை' என்று மாப்பிள்ளையிடமிருந்து மூன்று வரியில் பதில் வந்தது. அதற்குக் கீழே வசந்தா தன் கையால், 'அப்போ மாலை என்ன ஆகும் அக்கா?' என்று எழுதியிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீசன் முடிந்த மழை மாதத்தில், படகில் ஏற ஆளே இல்லாத ஏரியில், டிக்கெட் கிழிக்கிற மனிதருக்கு இரண்டு நாள் லீவு கிடையாதாம்! இவராவது கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்க வேண்டாமா? "அவங்க வராட்டி என்ன, மாலையை நாம கொண்டுபோவோம். அங்கேயும் தண்ணி இருக்கில்ல?" என்றேன் என் வீட்டுக்காரரிடம். கல்யாணமான நாள் முதல் நான் என்ன சொன்னாலும் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான். "அதுவும் சரிதான்" என்றார்.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள். லீவு எழுதிக்கொண்டுபோய்த் தலைமையாசிரியையின் மேஜையில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கேட்க வேண்டிய முறையில் கேட்டால் லீவு கிடைக்கிறது, பாருங்கள்.

மாலைகள் இரண்டையும் துணியில் சுற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டேன். மலையேறுகிற பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் ஓர் உருளைக்கிழங்கு வியாபாரி. பையின் வாய் வழியாகக் காய்ந்த ரோஜாவைப் பார்த்துவிட்டு, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று துக்கத்தோடு கேட்டார். "கல்யாண மாலைங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். கொண்டை ஊசி வளைவில் திரும்பிப் பார்த்த அவரையும் ரோட்டைப் பார்க்கச் சொன்னேன்.

பாதி மலையில் என்ஜின் கொதித்து ஆவி விட்டது. எல்லாரும் இறங்கினோம். "பின்னாடி ஒரு ஓடை இருக்கு, ஆம்பளைங்க போய்த் தண்ணி கொண்டாங்க" என்று கண்டக்டர் தகர டப்பாக்களை எடுத்துக் கொடுத்தார். "டிக்கெட் வாங்கினது மலை ஏறவா, தண்ணி சுமக்கவா?" என்று கேட்டேன். "ரெண்டுக்கும்தாம்மா" என்று அந்த மனிதர் சிரிக்கிறார். வாதாட ஆளில்லாமல் திரும்பினால், என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டப்பாவோடு பாதி தூரம் போய்விட்டார்.

வசந்தாவின் வீடு ஏரிக்கு மேலே ஒரு சரிவில், வரிசையாகக் கட்டின சின்ன வீடுகளில் ஒன்று. உள்ளே போனதும் அவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். "மாலை விடலேன்னா ஏதாவது ஆயிடுமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லக்கா" என்றாள். "நான் வந்துட்டேனில்ல" என்றேன்.

அன்றைக்கு அவள் போட்ட சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்வது பாவம். மலை மேல் பருப்பு வேகாது, அவள் என்ன செய்வாள்? சாம்பாரில் துவரம்பருப்பு பருப்பாகவே மிதந்தது. காந்தி மார்க்கெட்டில் நாங்கள் பேரம் பேசி வாங்குகிற கேரட்டும் முட்டைக்கோஸும் மட்டும் அங்கே மண்வாசனையோடு குவிந்து கிடந்தன. சாயங்காலம் டீயோடு வர்க்கி என்று ஒன்று கொடுத்தாள். அடுக்கடுக்காக, முறுகலாக, டீயில் நனைத்துச் சாப்பிட வேண்டியது. அது நன்றாக இருந்தது. நல்லதை நல்லது என்று சொல்லத் தயங்குகிறவள் அல்ல நான்.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஒரு தயக்கம். "அக்கா, மாலை விடற எடத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணுங்க..." என்று ஆரம்பித்தார். "எடத்தை நான் பாத்துக்கறேன் மாப்பிள்ளை. லீவு ஏன் கிடைக்கலே, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வருகிறாராம். அவருக்காக முதலாளி படகுப் போட்டி வைத்திருக்கிறாராம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றங்கரையில் கூடுகிற நாளில் இவர்களுக்குப் படகுப் போட்டி!

மறுநாள் சனிக்கிழமை ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போனோம். ஏரி அழகுதான். சுற்றிலும் தைல மரம், பச்சைச் சரிவு, அதன் மேல் இறங்கி இறங்கி ஏறுகிற மேகம். ஆனால் அந்த அழகுக்குப் பக்கத்தில் பத்தடிக்கு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். குளிக்காதே. துவைக்காதே. புல்லில் நடக்காதே. எதையும் போடாதே. கரையில் உட்கார்ந்து சாப்பிடாதே. அனுமதிச் சீட்டில்லாமல் மீன் பிடிக்காதே. நான் ஆறு சூழ்ந்த ஊரில் பிறந்தவள். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி. தண்ணீரைப் பார்த்தால் முதலில் காலை நனைப்போம், அப்புறம்தான் மற்றப் பேச்சு. இங்கே அப்படிச் செருப்பைக் கழற்றினேனோ இல்லையோ, காவலாளி எங்கிருந்தோ விசில் ஊதினான்.

லீவு நாளில் முக்கொம்புக்குப் போய்ப் பாருங்கள். திருச்சியே கட்டுச்சோற்றோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். குளிக்கிறவர்கள் குளிப்பார்கள், தூங்குகிறவர்கள் தூங்குவார்கள், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். இங்கே சீட்டு வாங்கின ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு தூண்டிலோடு இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு கெண்டை மாட்டியது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கொக்கியைக் கழற்றி மறுபடியும் தண்ணீரிலேயே விட்டார். "விடறதுக்கா பிடிச்சீங்க?" என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது. அல்லது தெரிந்தும் பேசாமல் இருந்தாரோ என்னவோ.

அப்புறம் குதிரை. என் வீட்டுக்காரருக்கு இந்த வயதில் குதிரை ஏற ஆசை வந்துவிட்டது. ஏறினார். குதிரை நாலடி நடந்து, பலகைக்குப் பின்னால் இருந்த புல்லில் இறங்கி மேய ஆரம்பித்தது. அவர் அதன் மேல் நிம்மதியாக உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குதிரைக்காரனையும் குதிரையையும் சேர்த்து நான் ஒரு பிடி பிடித்தேன். குதிரைக்காரன் பக்கத்திலிருந்தவனிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னான். என் வீட்டுக்காரர் பாலக்காட்டில் கொஞ்ச காலம் இருந்தவர். "என்ன சொல்றான்?" என்று கேட்டேன். "இந்த அம்மாவை ஏத்தினா குதிரை ஓடியே போயிருக்கும்கிறான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நான் கவனிக்காமல் இல்லை.

மாப்பிள்ளை எங்களைப் படகிலும் ஏற்றிவிட்டார். போஜன் என்ற வயதான படகுக்காரர் துடுப்புப் போட்டார். நடு ஏரியில் காற்று என்றால் அப்படி ஒரு காற்று. சால்வை இரண்டு முறை பறந்தது. முக்கால் மணி நேரம் சுற்றி, ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கினார். எங்கேயும் போய்ச் சேராத படகுப் பயணத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் ஊரில் ஓடத்தில் ஏறினால் அக்கரைக்குப் போவோம்.

இறங்கும்போது மாப்பிள்ளை மறுபடியும், "அக்கா, நாளைக்கு மாலை விடறதுக்கு நான் ஒரு எடம் பாத்து வெச்சிருக்கேங்க, கொஞ்சம் தூரம், ஏரி முடியற எடத்துல..." என்றார். "தூரமெல்லாம் எதுக்கு? விடிகாலையில காவக்காரன் வர்றதுக்குள்ள இந்த மூலையில விட்டுட்டுப் போயிடலாம்" என்றேன். அவர் வசந்தாவைப் பார்த்தார். வசந்தா என்னைப் பார்த்தாள். அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எழுந்து தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் செய்தோம். நனைந்த புல்லில் நடந்து தைல மரத்தடிக்குப் போனோம். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தேன். விளக்கு ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. தண்ணீருக்குக் காதோலை கருகமணி காட்டி, வசந்தா கழுத்தில் புது மஞ்சள் சரடு கட்டினேன். குளிரிலும் அவள் முகம் சிவந்து நன்றாக இருந்தது. மாலைகளை இருவர் கையிலும் கொடுத்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம். இங்க வேணாங்க, கலிங்குக்கிட்ட போனா..." என்றார் மாப்பிள்ளை.

"நல்ல நேரம் போயிட்டிருக்கு, பேசாம விடுங்க மாப்பிள்ளை!" என்றேன்.

விட்டார்கள். "திரும்பிப் பார்க்காம வாங்க" என்று முன்னால் நடந்தேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. ஆடி மாதத்துக் காவேரியில் மாலையை விட்டுவிட்டு நிமிர்வதற்குள் அது படித்துறையைத் தாண்டிப் போயிருக்கும். திரும்பிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஏரித் தண்ணீர் நிற்கிற தண்ணீர் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பூகோள டீச்சருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோன்றவே இல்லை.

சாப்பாட்டு மூட்டையைப் பிரித்தபோது விசில் கேட்டது. காவலாளி ஓடி வந்து, மாப்பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டு, "சார், நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றான். மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிட்டோம். ஆடிப்பெருக்கை ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொண்டாடின குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். என் வீட்டுக்காரர் மட்டும் இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கேட்டார்.

பிற்பகலில் போட்டி. குத்தகைக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். மெட்ராஸ் அதிகாரிக்கும் மனைவிக்கும் கரையில் நாற்காலி போட்டிருந்தது. அவர்களுடைய மருமகன் ஒரு படகில், உள்ளூர் ஆட்கள் மற்றப் படகுகளில். மாப்பிள்ளை முடிவெல்லையில் கொடி பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கூட்டத்தோடு ஓர் ஓரமாக நின்றோம். மருமகன்தான் முன்னால் வந்தார். உள்ளூர்க்காரர்கள் அடக்கித்தான் துடுப்புப் போட்டார்கள் என்பது எனக்கே தெரிந்தது.

முடிவெல்லைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அவர் துடுப்பில் என்னவோ சுற்றிக்கொண்டது. இழுத்தார். படகு பக்கவாட்டில் திரும்பிச் சுழன்றது. மற்றப் படகுகள் வேறு வழியில்லாமல் அவரைத் தாண்டிப் போய்விட்டன. மருமகன் துடுப்பை உயர்த்தினார். அதில் என் தங்கையின் கல்யாண மாலைகள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சொட்டச் சொட்டத் தொங்கின. காற்று நாள் முழுக்க அவற்றை ஏரியைச் சுற்ற வைத்து, சரியாக அந்த இடத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

"ஐயையோ, பொணத்து மாலை!" என்று அதிகாரியின் மனைவி எழுந்துவிட்டார்.

வசந்தா புது மஞ்சள் சரட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குத்தகைக்காரர், "எவன் போட்டான் இதை?" என்று கத்தினார். மாப்பிள்ளை கொடியைக் கீழே வைத்தார். நேராக முதலாளி முன்னால் போய் நின்றார்.

"அது பொண மாலை இல்லைங்கய்யா. எங்க கல்யாண மாலைங்க. நான்தான் விட்டேன். எடந்தெரியாம விட்டது என் தப்பு, மன்னிச்சுக்குங்க."

அந்த மெல்லிய குரல் அன்றைக்குக் கொஞ்சமும் நடுங்கவில்லை. குத்தகைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி சிரித்துவிட்டார். "கல்யாண மாலையா? அப்ப நல்ல சகுனந்தான், விடுங்கய்யா" என்றார். குத்தகைக்காரரும் சிரிக்க முயன்றார். அவ்வளவுதான். அதோடு முடிந்திருக்க வேண்டியது. மாப்பிள்ளையே முடித்துவிட்டார்.

நான் விடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். "மன்னிப்பு என்ன மன்னிப்பு? கல்யாணமான புள்ளைக்கு ஆடிக்கு ரெண்டு நாள் லீவு குடுக்க மனசு வராத ஆளுகிட்ட இவர் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? ஏரி என்ன உங்க அப்பன் வீட்டு ஏரியா? நடக்கக்கூடாது, நனையக்கூடாது, திங்கக்கூடாதுன்னு பலகை நட்டு வெச்சிருக்கீங்க, பெரிய மனுஷன் வந்தா நாற்காலி போடுறீங்க, அவர் மருமகன் ஜெயிக்கறதுக்காக ஏழைங்க துடுப்பை அடக்கிப் போடணுமா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். மருமகன் முகம் சிவந்தது. அதிகாரி எழுந்து காருக்குப் போய்விட்டார்.

குத்தகைக்காரர் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "நாளையிலேருந்து நீ வரவேணாம்" என்றார்.

படகுக்காரர் போஜன் துடுப்பிலிருந்து மாலைகளை மெதுவாகக் கழற்றி வசந்தாவிடம் கொடுத்தார். அவள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன். "வேலை போனா போகட்டும், இந்த மாதிரி ஆளுகிட்ட..." என்றேன்.

"போதும்க்கா!" என்றாள் வசந்தா. அவள் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. "வந்ததிலேருந்து அவரை ஒரு தடவையாவது முழுசாப் பேச விட்டியா? எங்க விடணும்னு அவருக்குத் தெரியும். மூணு தடவை சொல்ல வந்தார். இப்பவும் அவர்தான் பேசி முடிச்சார், நீ வந்து கெடுத்தே. மாலையும் போகலே, வேலையும் போயிடுச்சு. நீ நாளைக்கு ஊருக்குப் போயிடுவே. நாங்க எங்க போறது?"

அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். வெட்கமாக இருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். எதற்கும் "அதுவும் சரிதான்" என்கிற மனிதர் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளைதான் எழுந்தார். "இன்னும் பொழுது இருக்கு. வாங்க, போயிட்டு வந்துடலாம்" என்றார். ஏரியின் கோடியில், பலகைகளெல்லாம் முடிந்த இடத்தில், நிரம்பின தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலிங்கு இருந்தது. மழைக்காலம் ஆனதால் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. இருவரும் குனிந்து மாலைகளை விட்டார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விட்டன. வசந்தா இந்தத் தடவை நன்றாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தத் தண்ணி எங்க போகுதுங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"காட்டாறா எறங்கி மாயாத்துல சேருதுங்கண்ணே. மாயாறு பவானிக்குப் போகுது. பவானி கூடுதுறையில காவேரி. அப்புறம் குளித்தலை, முக்கொம்பு, உங்க ஊரு. போஜன் தாத்தாதான் பாதி வழி சொன்னார், மீதியை நான் மேப்புல பாத்து வெச்சிருந்தேன். வசந்தா ஸ்ரீரங்கத்துக்குப் போக முடியலேன்னாலும் மாலை போயிடுமேன்னு நெனச்சேன்" என்றார் மாப்பிள்ளை.

அந்த மேப்பைத்தான் நான் வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறேன்.

மறுநாள் மத்தியானம் எங்களுக்கு பஸ். காலையில் யாரிடமும் சொல்லாமல் குத்தகைக்காரர் வீட்டுக்குப் போனேன். கம்பளிக் குல்லாயோடு வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. எதிரில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நின்றேன்.

"அக்கா டீச்சர்னு சுந்தரம் சொன்னான். என்ன பாடம்?" என்று கேட்டார்.

"பூகோளம்."

சிரித்தார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லிச் சிரித்தார். "ஊர்ப் புள்ளைங்களுக்கு ஏரின்னா என்ன, ஆறுன்னா என்னன்னு நல்லா சொல்லிக்குடுங்க" என்றார். எங்கள் ஊர் ஆற்றை நாங்கள் குப்பையாக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் ஆள் வைத்து வாரவில்லை என்றால் இந்த ஏரியும் அப்படித்தான் ஆகும் என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. என் வளர்ப்பைச் சொன்னார், வாயைச் சொன்னார், இப்படிப்பட்ட பொம்பளையைக் கட்டிக்கொண்டவர் பாவம் என்றார். அதிகாரி கோபித்துக்கொண்டு போனதால் வரப்போகிற நஷ்டமெல்லாம் என்னால்தான் என்றார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில்கள். இன்றைக்கும் ராத்திரி படுத்தால் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன.

காப்பி ஆறி, மேலே ஏடு படியும் வரை பேசினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நிறுத்தின பிறகு, "தப்பு என்னோடதுங்க. அவர் வேணாம்னுதான் சொன்னார், நான்தான் கேக்கலே. மன்னிச்சுக்குங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் அதற்கு முன் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, சாயங்காலம் அவனை வரச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினேன். மாப்பிள்ளை பெட்டியை பஸ்ஸுக்குக் கொண்டுபோயிருந்தார். வசந்தா கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"சாயங்காலம் வேலைக்கு வரச் சொன்னார்" என்றேன்.

அவள் நம்பவில்லை. "நீ அவர்கிட்ட என்னக்கா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலே. அவர்தான் பேசினார்."

"ஒண்ணுமே சொல்லலையா?" அருகில் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீயா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே என் தோளில் சாய்ந்து அவள் அழ ஆரம்பித்தாள்.